சோம்பேறிக் கண்ணுக்குச் செலவு குறைந்த சிகிச்சை: எல்லோருக்கும் திறந்த ஆய்வாக நாமே முயன்றால் என்ன?

நிலா_அப்பா:

வணக்கம். என் மகளுக்கு ஐந்தரை வயது. நான்கு மாதத்துக்கு முன்பு வரை அவளுக்கு இடது கண்ணில் பார்வை குறைவு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. விளையாடும்போது வலது கண்ணில் தூசி விழுந்து அதைப் பொத்திக்கொண்டவள், "அப்பா, எதுவும் தெரியல" என்று அழுதாள். அப்போதுதான் பொறி தட்டியது. கண் மருத்துவமனையில் பார்த்தபோது வலது கண் 6/6, அதாவது இயல்பான பார்வை; இடது கண் 6/36, அதாவது மற்றவர்களுக்கு 36 மீட்டரில் தெரிவது அவளுக்கு 6 மீட்டரில்தான் தெரிகிறது. இடது கண்ணில் ப்ளஸ் பவர் மிக அதிகம், அதிலிருந்து வரும் மங்கலான படத்தை மூளை ஒதுக்கப் பழகிவிட்டது, இதைத்தான் சோம்பேறிக் கண் என்பது என்றார்கள். கண்ணாடி போட்ட மூன்று மாதத்தில் 6/18 வரை வந்துவிட்டாள். இப்போது நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் பேட்ச் ஒட்டி மறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒட்டிய பத்தாவது நிமிடம் பிய்த்து எறிகிறாள். ஒரு வாரமாக வீட்டில் இதே போராட்டம்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். தேடிப் பார்த்ததில், இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு படம் காட்டிச் சோம்பேறிக் கண்ணைப் பழக்கும் முறை ஒன்று இருப்பது தெரிந்தது. லூமினோபியா என்று தலையில் மாட்டும் கருவிக்கு அமெரிக்காவில் 2021இல் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது அந்த ஊருக்கு, அந்த ஊர் விலைக்கு. அதே வேலையைச் சிவப்பு நீலக் காகிதக் கண்ணாடியும் ஒரு பழைய கைபேசியும் வைத்துச் செய்ய முடியாதா? நிரல், பலன், தோல்வி எல்லாவற்றையும் திறந்தே வைப்போம். காசநோய் மருந்துக்கு இந்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர் 2008இல் தொடங்கிய திறந்த ஆய்வில் கல்லூரி மாணவர்கள்கூடச் சேர்ந்து வேலை பார்த்தார்கள். மலேரியாவுக்கு சிட்னியில் மேத்யூ டாடின் குழு சோதனைக் குறிப்பேட்டையே இணையத்தில் திறந்து வைத்தது. கண்ணுக்கு ஏன் அப்படி ஒன்று கூடாது? யாரெல்லாம் வருகிறீர்கள்?

பைட்_மாறன்:

நான் வருகிறேன் அண்ணா. விளையாட்டுச் செயலி செய்யும் யூனிட்டி மென்பொருள் தெரியும். 2013இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெஸ் குழு டெட்ரிஸ் விளையாட்டை இப்படிப் பிரித்துக் காட்டிச் செய்த ஆய்வைப் படித்திருக்கிறேன். விழுகிற கட்டை ஒரு கண்ணுக்கு, கீழே அடுக்கியிருக்கும் கட்டைகள் மறு கண்ணுக்கு. இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் ஆடவே முடியும். நல்ல கண்ணுக்குப் போகும் படத்தின் கான்ட்ராஸ்டை, அதாவது வெளுப்பு கருப்பு வேறுபாட்டை, குறைத்து ஆரம்பிப்பார்கள், சோம்பேறிக் கண் தேறத் தேறக் கூட்டிக்கொண்டு வருவார்கள். 18 பெரியவர்களிடம் செய்து பார்த்தார்கள், ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு அதே விளையாட்டை ஆடியவர்களைவிட இவர்களுக்கு நல்ல முன்னேற்றம். வார இறுதிக்குள் ஒரு மாதிரி செய்து காட்டுகிறேன்.

ஒளிக்கோணம்:

நிலா அப்பா, நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதுபவர், பத்து வருடத்துக்கு மேல் குழந்தைகள் பிரிவில்தான் வேலை. உங்கள் எண்ணத்தை மதித்தே சொல்கிறேன், விளையாட்டில் ஆரம்பிக்காதீர்கள். செலவு குறைந்த சிகிச்சை ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கண்டுபிடித்ததே ஒரு பெரிய கூட்டு ஆய்வுதான். அமெரிக்காவில் 1997இல் குழந்தைகளின் கண் நோய்களை ஆராய பெடிக் என்று ஒரு குழுவை அமைத்தார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் மட்டுமில்லை, தெருமுனையில் தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் கண் மருத்துவர்களையும் சேர்த்து ஒரே படிவம், ஒரே அளவீடு, ஒரே கேள்வி என்று வைத்தார்கள். அப்போது ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு கணக்கில் பேட்ச் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நாள் முழுக்க, ஒருவர் ஆறு மணி நேரம், இன்னொருவர் பள்ளி நேரம் மட்டும். எது தேவை என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

2003இல் அந்தக் குழு வெளியிட்ட ஆய்வில் 7 வயதுக்குட்பட்ட, நடுத்தர அளவு பாதிப்புள்ள 189 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 2 மணி நேரம், இன்னொன்றுக்கு 6 மணி நேரம் எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவும் பார்வை சோதிக்கும் எழுத்து அட்டையில் சராசரியாக 2.4 வரி முன்னேறியிருந்தன. வித்தியாசமே இல்லை! உங்கள் மகளுக்கு இன்று "இரண்டு மணி நேரம் போதும்" என்று ஒரு மருத்துவர் தைரியமாகச் சொல்கிறார் என்றால் அந்த 189 குழந்தைகள்தான் காரணம். நான்கு மணி நேர அழுகையை மிச்சம் பிடித்துக் கொடுத்த ஆய்வு அது. கடுமையான பாதிப்பிலும் முழு நாளுக்குப் பதில் 6 மணி நேரம் போதும் என்று அதே வருடம் இன்னொரு ஆய்வு காட்டியது. முடிந்த ஆய்வுகளின் தரவை யாரும் இறக்கிப் பார்க்கலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். திறந்த ஆய்வு செய்ய நினைப்பவர் முதலில் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பேட்ச் ஒட்டும் முன்பே கண்ணாடியால் மட்டும் உங்கள் மகள் 6/36இலிருந்து 6/18க்கு வந்ததைக் கவனித்தீர்களா? 2006இல் அதே குழு, அதுவரை சிகிச்சையே எடுக்காத, இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசமுள்ள 84 குழந்தைகளுக்குக் கண்ணாடி மட்டும் கொடுத்துப் பார்த்தது. 77 சதவீதம் பேர் இரண்டு வரியோ அதற்கு மேலோ முன்னேறினார்கள், 27 சதவீதம் பேருக்குச் சோம்பேறிக் கண்ணே சரியாகிவிட்டது. ஒரு ஜோடிக் கண்ணாடிதான். இதைவிட மலிவான கருவியை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

கோவை_அம்மா:

மேடம் சொல்வது எல்லாம் சரி. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

என் மகனுக்கு ஒன்றரை வருடம் ஒட்டினோம். கடையில் விற்கும் பேட்ச் கட்டுப்படியாகவில்லை, அதனால் மைக்ரோபோர் டேப்பும் பஞ்சும் வைத்து நானே செய்தேன். அக்னி நட்சத்திரத்தில் வியர்த்து வியர்த்துத் தானாகவே கழன்றுவிடும், கழலாத நாளில் கன்னம் சிவந்து புண்ணாகும். பள்ளிக்கு ஒட்டி அனுப்பினேன், பையன்கள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டதில் அதற்கப்புறம் பேட்சைப் பார்த்தாலே ஓடினான். கண்ணாடிக்கு மேல் துணி உறை மாட்டிப் பார்த்தேன், மூக்குப் பக்கத்து இடைவெளி வழியாக நல்ல கண்ணால் எட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டான். நான் வேலைக்குப் போனதும் "குழந்தையை ஏன் படுத்துகிறாள்" என்று என் மாமியார் எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எதற்காக ஒட்டுகிறோம் என்று அவருக்கு யாருமே உட்கார்ந்து விளக்கவில்லை, நான் உட்பட.

கடைசியில் பள்ளியை விட்டுவிட்டு மாலை ஆறிலிருந்து எட்டு என்று வைத்தோம். அந்த நேரத்தில் மட்டும்தான் அவனுக்குப் பிடித்த காரியம் எல்லாம்: உளுந்தில் கல் பொறுக்குவது, பாட்டிக்குப் பூ தொடுக்க நூல் எடுத்துக் கொடுப்பது, கேரம், புள்ளிக்குப் புள்ளி கோடு இழுப்பது. கழற்றாமல் இருந்தால் காலண்டரில் ஒரு ஸ்டிக்கர். இப்போது 6/9.

ஒளிக்கோணம்:

அருமை அம்மா. நான் சொன்ன அந்த 2003 ஆய்விலும் பேட்ச் நேரத்தில் ஒரு மணி நேரமாவது கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலையைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் உளுந்தில் செய்ததும் அதைத்தான்.

தாமதமாய்_அறிந்தவன்:

எனக்கு வயது 34. வலது கண்ணில் கொஞ்சம் மாறுகண். மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம், அதை எதுவும் செய்யக் கூடாது என்றே ஊரில் எல்லோரும் சொல்லி வளர்த்தார்கள். என் பாட்டி அந்தக் கண்ணில்தான் முத்தம் கொடுப்பார். இருபது வயதில் ஒரு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் இடது கண்ணை மூடச் சொன்னார்கள், மேல் எழுத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எழுத்துத் தேர்வு, உடற்தகுதி எல்லாம் தாண்டியவன் அங்கிருந்து வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சிறு வயதில் பள்ளியிலும் ஒரு முறை பரிசோதித்தார்கள். கையால் மூடச் சொன்னார்கள், விரல் இடுக்கு வழியாக நல்ல கண்ணால் படித்துவிட்டேன். ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை, படிக்கச் சொன்னார்கள், எந்தக் கண்ணால் தெரிந்ததோ அதால் படித்தேன். ஆகவே உங்கள் ஆய்வில் சிகிச்சைக்கு முன்னால் கண்டுபிடிப்பது என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். அப்புறம் ஒரு கேள்வி, ஏழு வயதோடு எல்லாம் முடிந்துவிடுமா?

ஒளிக்கோணம்:

இல்லை. ஹூபெல், வீசல் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைத் தைத்து மூடிச் செய்த ஆய்வுகளிலிருந்து, பார்வை வளர ஒரு குறிப்பிட்ட காலம்தான் உண்டு என்ற கருத்து வலுப்பட்டது. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளை "இனிப் பயனில்லை" என்று திருப்பி அனுப்பிய காலம் இருந்தது. பெடிக் குழு 2005இல் 7 முதல் 17 வயது வரையிலான 507 பேரிடம் சோதித்தது. 7 முதல் 12 வயதில், கண்ணாடியோடு பேட்சும் சொட்டு மருந்தும் கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலையும் சேர்த்துக் கொடுத்ததில் 53 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம். 13 வயதுக்கு மேல் மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அதுவரை பேட்சோ சொட்டு மருந்தோ எடுக்காதவர்களில், சிகிச்சை பெற்றவர்களில் 47 சதவீதமும் கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 20 சதவீதமும் முன்னேறினார்கள். ஆகவே பத்து வயதுப் பிள்ளையை யாராவது கைவிட்டால் இன்னொரு மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் பள்ளிப் பரிசோதனை பற்றி: அந்தத் தவறு இன்றும் நடக்கிறது. கையால் மூடச் சொல்லக் கூடாது. அட்டையோ டேப்போ வைத்து வேறு ஒருவர் மூட வேண்டும்.

பயிற்சி_மருத்துவர்:

அட்ரோபின் சொட்டு மருந்து பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லையே. பேட்ச் ஒட்ட முடியாத வீடுகளுக்கு அதுதான் வழி. நல்ல கண்ணில் ஒரு சொட்டு விட்டால் அந்தக் கண்ணால் கிட்டத்தில் குவிக்க முடியாது, குழந்தை தானாகவே மறு கண்ணைப் பயன்படுத்தும். பிய்த்து எறிய ஒன்றும் இல்லை. 2002இல் 419 குழந்தைகளிடம் பேட்சையும் அட்ரோபினையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் பேட்ச் 3.16 வரி, அட்ரோபின் 2.84 வரி, சிகிச்சை அளவில் இரண்டும் ஏறக்குறைய சமம். 2004இல் தினமும் விடுவதற்குப் பதில் சனி, ஞாயிறு மட்டும் விட்டாலும் அதே பலன் என்று தெரிந்தது.

ஆனால் தயவுசெய்து யாரும் கடையில் வாங்கி விடாதீர்கள். கண் கூசும், வாய் வறளும், முகம் சிவக்கும், சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், நம் ஊர் வெயிலில் அது சாதாரண விஷயம் இல்லை. பாட்டிலைக் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. சொட்டு விட்டதும் மூக்கோரத்துக் கண் முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், மருந்து உடம்புக்குள் இறங்குவது குறையும். நல்ல கண்ணின் பார்வை குறையவில்லையா என்று இடையிடையே பார்க்க வேண்டும். இதெல்லாம் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டும்.

நிலா_அப்பா:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஒளிக்கோணம் மேடம், அப்படியென்றால் விளையாட்டு வேண்டவே வேண்டாமா?

ஒளிக்கோணம்:

2016இல் வந்த முடிவைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். 5 முதல் 12 வயது வரை 385 குழந்தைகள். ஒரு பிரிவு ஐபேடில் தினமும் ஒரு மணி நேரம் மாறன் தம்பி சொன்ன மாதிரி கட்டை விழும் விளையாட்டு, மற்றது தினமும் 2 மணி நேரம் பேட்ச். 16 வாரத்தில் விளையாட்டு 1.05 வரி, பேட்ச் 1.35 வரி. விளையாட்டுப் பிரிவில் சொன்ன நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஆடியவர்கள் 22 சதவீதம் பேர் மட்டுமே. ஐபேட் கொடுத்தும் சலித்துவிட்டது! நீங்கள் பேட்சை விட்டு விளையாட்டுக்குப் போவது குழந்தை ஒத்துழைக்கவில்லை என்பதால்தானே, அங்கேயும் காத்திருப்பது அதே பிரச்சினைதான்.

பைட்_மாறன்:

மேடம், ஒரு மறுப்பு. லூமினோபியா சோதனையில் 105 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள்; ஒரு பிரிவு 12 வாரம், வாரத்தில் ஆறு நாள், ஒரு மணி நேரம் தங்களுக்குப் பிடித்த கார்ட்டூன் பார்த்தது, 1.8 வரி முன்னேற்றம். கண்ணாடி மட்டும் போட்டவர்களுக்கு 0.8. ஆடுவது சலிக்கும், கார்ட்டூன் பார்ப்பது சலிக்காது. ஆகவே நான் விளையாட்டை விட்டுவிட்டு வீடியோ பிளேயர் பக்கம் போகிறேன். ஆனால் சிவப்பு நீலக் காகிதத்தில் ஒரு சிக்கல் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று கைபேசிகளில் போட்டுப் பார்த்தேன், மூன்றிலும் சிவப்பு வெவ்வேறு அளவு கசிகிறது. நல்ல கண்ணுக்குப் போகக் கூடாத படம் அரைகுறையாகப் போனால் நாம் சிகிச்சை என்று நினைத்துக்கொண்டு ஒன்றுமே கொடுக்காமல் இருப்போம். ஒவ்வொரு திரைக்கும் தனியாக அளவிட வேண்டும். பார்வையை அளக்க ஜெர்மனியின் மைக்கேல் பாக் இலவசமாகக் கொடுத்திருக்கும் ஃப்ராக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சட்டம்_பேசுபவர்:

தரவு சேர்க்க ஆரம்பிக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள். குழந்தையின் விவரத்தைச் சேமிக்கப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும் என்று 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சிகிச்சை என்று சொல்லிச் செயலி கொடுத்தால் மருத்துவக் கருவி விதிகளுக்குள் வரும். சோதனை என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐயில் பதிவும் வேண்டும். இதெல்லாம் தடை இல்லை, முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால் பலன் சாதகமாக வராதபோது மறைக்க முடியாது. திறந்த ஆய்வு என்பதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தமும் அதுதான். ஒரு மருத்துவமனையோடு சேராமல் நீங்கள் யாரும் குழந்தைகள்மேல் எதையும் சோதிக்காதீர்கள்.

யாழ்_ரீச்சர்:

நான் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதித்துத் துண்டு எழுதி வீட்டுக்குக் கொடுத்து விடுகிறோம், பாதிப் பேர் கண் வைத்தியரிடம் போவதே இல்லை. அந்தத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தாய்க்கு விளங்காது, பிள்ளை ஓடி விளையாடுகிறதுதானே என்று விட்டுவிடுவார். கென்யாவில் 50 பாடசாலைகளில் பீக் என்ற கைபேசிக் கண் பரிசோதனையை வைத்துச் செய்த ஆய்வில், பிள்ளைக்கு உலகம் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைப் படமாகவே பெற்றோருக்குக் கொடுத்து, குறுஞ்செய்தியும் அனுப்பினார்கள். வைத்தியசாலைக்குப் போனவர்கள் 54 சதவீதம், வெறும் துண்டு கொடுத்த பாடசாலைகளில் 22. படமும் குறுஞ்செய்தியும் சேர்ந்து வித்தியாசம் செய்தன. இதை எங்கள் பிள்ளைகளுக்கும் செய்யலாமே?

ஒளிக்கோணம்:

ரீச்சர் சொன்னதும் நெதர்லாந்தில் செய்த வேலை நினைவுக்கு வந்தது. அங்கே டச்சு மொழி சரியாகத் தெரியாத, குடிபெயர்ந்து வந்த குடும்பங்களில்தான் பேட்ச் ஒழுங்காக ஒட்டப்படவில்லை. பேட்சில் சிறிய மின்னணு மானி வைத்து எத்தனை மணி நேரம் ஒட்டியிருக்கிறார்கள் என்று அளந்தார்கள். பெற்றோருக்குத் துண்டுப் பிரசுரம், குழந்தைக்கு ஸ்டிக்கர் காலண்டர், வார்த்தையே இல்லாத ஒரு படக்கதை, இப்படி மூன்றையும் தனித்தனியாகச் சோதித்ததில் படக்கதைதான் முந்தியது. காகிதத்தில் அச்சிட்ட படக்கதை! நமக்கு அதைவிடச் செலவு குறைந்த வழி எது?

நிலா_அப்பா:

இரண்டு நாளாக யோசித்தேன். நானும் மேடம் பக்கம் வந்துவிட்டேன். மாறன் வீடியோ பிளேயரைத் தொடரட்டும், கசிவு அளவீட்டை அவர் பொதுவில் வைத்தால் அதுவே பெரிய உதவி. நான் இரண்டு காரியம் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பேட்ச் நாட்குறிப்பு: ஒட்டிய நேரம், கழற்றிய நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள், யார் உடன் இருந்தார்கள். பெயர், ஊர், புகைப்படம் எதுவும் கிடையாது, கைபேசியை விட்டு வெளியே போகாது. இரண்டு, நம் வீடுகளுக்கு ஏற்ற படக்கதை, முதல் படத்தில் அம்மா, இரண்டாவதில் மருத்துவர், யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். சோதித்துப் பார்ப்பதற்கு மேடம் வேலை செய்யும் மருத்துவமனையில் நெறிமுறைக் குழு கேட்கும் படிவங்களை நான் நிரப்பித் தருகிறேன்.

நேற்று கோவை அம்மா சொன்னபடி உளுந்து பொறுக்க வைத்தேன். 50 நிமிடம் கழற்றவில்லை.

கோவை_அம்மா:

50 நிமிடமா! நாளைக்குப் பச்சைப்பயறு கொடுத்துப் பாருங்கள்.

என் தங்கை நன்றாக வரைவாள், கேட்டுவிட்டேன், செய்கிறேன் என்றாள். எட்டுப் படம் போதும். முதல் படத்தில் அம்மா, இரண்டாவதில் மருத்துவர் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் முதல் படத்திலேயே பாட்டி இருக்கட்டும். பேத்தியின் நல்ல கண்ணைப் பாட்டி தன் கையால் மூடிப் பார்க்கிறார், பேத்தி பாட்டி முகத்தைத் தேடுகிறாள், கிடைக்கவில்லை. கடைசிப் படத்திலும் பாட்டிதான் பேட்ச் ஒட்ட வேண்டும்.

தாமதமாய்_அறிந்தவன்:

மாறுகண் உள்ள குழந்தையையும் ஒன்று வரையச் சொல்லுங்கள் அக்கா. அதன் பாட்டியையும்.